பெயரும் அடைக்கலமும்

தோட்டத்து வழக்கில் 'பேர்' என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. பெற்றோர் இட்டு வழங்கும் பெயர் ஒன்று. அன்றைய உழைப்புக்குச் செக்ரோலில் விழும் பதிவு மற்றொன்று. 'பேர் போட்டாயிற்றா?' என்று ஒரு தொழிலாளி கேட்டால், குழந்தைக்குப் பெயர் சூட்டியாயிற்றா என்று அவர் வினவவில்லை. கூலிக்குரிய கணக்கு ஏறிவிட்டதா என்றே வினவுகிறார். ஒரு மனிதனின் பெயரும் அவனுடைய வயிற்றுப்பாடும் ஒரே சொல்லுக்குள் அடங்கிப்போன இவ்வழக்கு எளிதில் கடந்து செல்லத்தக்கதன்று. பெயரை எழுதுகிறவன் கையில் பிழைப்பும் இருக்கிறது என்பதைத் தோட்டத்து மக்கள் எந்த நூலையும் கற்காமலே அறிந்திருந்தனர்.

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் 1929ஆம் ஆண்டில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பெற்றது. 1933இல் பாரத் தோட்டம் எழுந்தது. பனி விலகாத விடியலில் பெரட்டுக் களத்தில் நின்று பேர் கொடுத்து, சரிவுகளில் கொழுந்து பறித்து, நிறுவைக்குக் கூடையை இறக்கி வைத்த தமிழ்த் தொழிலாளரைப் பற்றி அந்நாளைய தோட்டங்களில் மூன்று புத்தகங்கள் இருந்தன. கிராணியாரின் செக்ரோல் அவர்தம் உழைப்பைச் சொல்லும். டிரெஸ்ஸரின் பதிவேடு அவர்தம் நோயையும் பேறுகாலத்தையும் சொல்லும். மளிகைக் கடைக்காரரின் பற்றுப் புத்தகம் அவர்தம் பசியையும் கடனையும் சொல்லும். மூன்றையும் சேர்த்துப் படிப்பவர் ஒரு குடும்பத்தின் வாழ்வையே படித்துவிடலாம். எனினும் அவை மூன்று இடங்களில், மூவர் பொறுப்பில், மூன்று வகைக் கையெழுத்தில் இருந்தன. எந்தப் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்பது லயத்துக் குழந்தைக்கும் தெரியும்.

இன்று அந்நிலை முற்றிலும் மாறிவிட்டது. மலைச்சரிவுகளில் கொழுந்து வெட்டுவோரிற் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். தோட்டத் தமிழரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் ரிங்லெட்டிலும், இன்னும் கீழே ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் பிழைப்பு நடத்துகின்றனர். அவர்கள் கைப்பேசிக்குச் சிம் அட்டை வாங்கும்போது அடையாள அட்டையைக் கொடுக்கின்றனர். தவணையில் மோட்டார் சைக்கிள் எடுக்கும்போது சம்பளச் சீட்டையும் உறவினர் முகவரியையும் கொடுக்கின்றனர். பேரங்காடியின் உறுப்பினர் அட்டைக்காகப் பிறந்த நாளைக் கொடுக்கின்றனர். அதிர்ஷ்டக் குலுக்கலில் ஒரு மின்விசிறி கிடைக்கலாம் என்னும் நம்பிக்கையில், கேட்கப்படாத தகவலையும் சேர்த்தே கொடுக்கின்றனர். உழைப்பு, நோய், பசி ஆகிய மூன்று புத்தகங்களும் இப்போது எங்கோ ஒரு கணிப்பொறியில் ஒரே புத்தகமாகி விடலாம். அதை யார் வைத்திருக்கிறார் என்பது லயத்துக் குழந்தைக்கு மட்டுமன்று, படித்த பட்டதாரிக்கும் தெரியாது.

'எண்ணைத்தானே கொடுத்தேன், பெயரைக்கூடச் சொல்லவில்லையே' என்று சிலர் ஆறுதல் கொள்வதுண்டு. மலேசிய அடையாள அட்டையின் எண்ணைச் சற்றே உற்று நோக்கினால் இவ்வாறுதல் நிலைக்காது. அது பன்னிரண்டு இலக்கங்கள் கொண்டது. முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள் என்பனவற்றைக் கூறும். அடுத்த இரண்டும் பிறந்த இடத்தைக் குறிக்கும். பகாங்கில் பிறந்தவர் பலருக்கு அது 06. இறுதி இலக்கம் ஒற்றைப்படையாயின் ஆண், இரட்டைப்படையாயின் பெண். ஆக, பெயர் சொல்லாத ஒருவர் தம் வயதையும் பாலையும் பிறந்த மாநிலத்தையும் கடைக்காரரிடம் ஒப்பித்துவிட்டே திரும்புகிறார்.

பெயரை மறைத்துவிட்டால் ஆளை மறைத்துவிட்டோம் என்பது மிகப் பழைய மயக்கம். அம்மயக்கத்தைத் தமிழ் இலக்கண மரபு என்றோ தீர்த்துவிட்டது என்பதை ஆசிரியர்களும் மாணவர்களும் ஈண்டு நினைவுகூர்தல் தகும். ஒத்த அன்புடையார் இருவரின் அகவாழ்வைப் பாடும்போது அவரை இன்னார் எனப் பெயர் சுட்டிப் பாடுதல் கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த வரம்பு. தலைவன், தலைவி, தோழி என்று பாடலாம். ஊரின் இயல்பையும் கடலின் ஒலியையும் பாடலாம். பெயரை மட்டும் பாடக்கூடாது. இது வெறும் செய்யுள் மரபன்று. ஒரு மனிதனின் உள்வாழ்வு ஊரறியத்தக்க பொருளாகலாம், ஆனால் அது எவருடையது என்பது ஊரறியத்தக்கதன்று என்னும் அறநோக்கு அதனுள் பொதிந்துள்ளது.

நக்கீரர் பாடிய நெடுநல்வாடை இதற்கு நல்ல சான்று. பிரிந்த தலைவனை எண்ணி வாடும் தலைவியின் நிலையைப் பாடும் அப்பாட்டில் தலைவன் பெயர் எங்கும் இல்லை. எனினும் அதனை அகப்பாட்டு எனக் கொள்ள நச்சினார்க்கினியர் உடன்படவில்லை. பாசறையில் ஏந்திய வேலில் வேம்பு சூட்டப்பெற்றிருப்பதைப் புலவர் கூறிவிட்டார்; வேம்போ பாண்டியர்க்குரிய அடையாளப் பூ. பெயர் சொல்லாவிடினும் பூ சொல்லிவிட்டது என்பதே உரையாசிரியர் கருத்து. ஒரே ஒரு வேப்பம்பூ ஒரு பாட்டை அகத்திலிருந்து புறத்துக்குத் தள்ளிவிட்டது! பெயரை நீக்கிவிட்டு மற்ற விவரங்களை விற்கலாம் என்று வாதிடும் இக்காலத்து வணிகர்க்கு நச்சினார்க்கினியர் அன்றே விடை சொல்லியிருக்கிறார். பிறந்த நாளும் ஊரும் பாலும் சேர்ந்தால் அவை வேப்பம்பூவினும் உரக்கப் பேசும்.

இனி, ஒரு மறுப்புக்கு விடை காண வேண்டும். தோட்ட வாழ்வில் அந்தரங்கம் என்பது என்றேனும் இருந்ததா என்று கேட்கப்படலாம். இக்கேள்வியில் நியாயம் உண்டு. லயத்து வீடுகளுக்கு இடையே ஒரே சுவர். அச்சுவரும் பல இடங்களில் கூரை வரை எட்டுவதில்லை. பக்கத்து வீட்டுக் குழம்பின் மணம் முதல் நள்ளிரவுச் சண்டை வரை அனைத்தும் அனைவர்க்கும் தெரியும். எவன் சம்பளத்தில் எவ்வளவு கள்ளுக் கடையில் கரைந்தது, எவள் தாலி அடகுக்குப் போயிற்று என்பன பீலிக்கரைப் பேச்சுகள். இவ்வாறு வாழ்ந்த மக்களுக்குத் தகவல் உரிமை என்பது வசதி படைத்தோரின் வீண் கவலையாகத் தோன்றாதா?

ஆனால் லயம் அறிந்ததற்கும் நிறுவனம் அறிவதற்கும் பெரும் வேறுபாடு உண்டு. லயத்தில் அறிதல் இருபுறமும் நிகழ்ந்தது. அண்டை வீட்டார் இவர் கடனை அறிவார். இவரும் அவர் கடனை அறிவார். அறிந்தவர்க்கு ஒரு கடமையும் இருந்தது. பேறுகால வலி நள்ளிரவில் வந்தால் கதவைத் தட்டும் கை அந்த அண்டை வீட்டுக் கதவையே தட்டும். சாவு விழுந்தால் பந்தல் போட முதலில் வருபவரும் அவரே. அறிந்தவர் அருகிலிருந்தார், அறியப்பட்டவரின் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டியவராயிருந்தார். பொய் சொன்னால் மறுநாள் பீலிக்கரையில் அகப்பட்டுக்கொள்வார். நிறுவனமோ ஒருபுறம் மட்டுமே அறிகிறது. வாங்குபவரின் பிறந்த நாள் அதற்குத் தெரியும். அதன் பதிவேட்டில் தம்மைப் பற்றி என்ன எழுதப்பட்டுள்ளது என்பது வாங்குபவர்க்குத் தெரியாது. ஒருவர் மட்டும் திரைக்குப் பின்னே நின்று மற்றவரைப் பார்ப்பது நெருக்கம் ஆகாது. அதற்குத் தமிழில் வேவு என்று பெயர்.

ஏழைக்கு இவ்வுரிமை எதற்கு என்னும் வாதம் நீதிமன்றப் படியும் ஏறியது. கர்நாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்டு 24ஆம் நாள் அந்தரங்கம் அடிப்படை உரிமையே என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. வறியோர்க்கு வேண்டுவது பொருளாதார நலமே, ஏனைய உரிமைகள் அல்ல என்னும் கூற்றை அத்தீர்ப்பு ஏற்க மறுத்தது. நீதிபதிகள் சட்டத்தின் வழியே கண்ட இவ்வுண்மையைத் தேயிலை மலைகளின் வரலாறு நூறாண்டுகளுக்கு முன்பே காட்டியிருந்தது. அதற்குக் கடல் கடந்து இலங்கை மலையகத்துக்குச் செல்ல வேண்டும். கேமரன் மலைக்குத் தமிழர் வருமுன்பே அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் தமிழர் உழைத்து வந்தனர்.

அங்கே 'துண்டு' என்றொரு முறை வழங்கிற்று. துண்டு என்பது ஒரு சிறு காகிதம், அவ்வளவே. இன்ன தொழிலாளர்க்கு, அல்லது இன்ன கங்காணியின் ஆட்களுக்கு, இவ்வளவு கடன் நிற்கிறது. அத்தொகையைச் செலுத்தினால் அவர்களை விடுவிக்கிறோம் என்று தோட்டத்து நிர்வாகம் அதில் எழுதித் தரும். புதிய தோட்டத்தார் அத்தொகையைக் கொடுத்து ஆட்களைப் பெறுவர். கடன் தீர்ந்ததா? இல்லை, கடன் கை மாறியது, அதனோடு ஆளும் கை மாறினான். துண்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை கிடைப்பது அரிது. தன்னைப் பற்றிய கணக்கை எழுதியவன் வேறு, வைத்திருந்தவன் வேறு, அதைக் கொண்டு பேரம் பேசியவன் வேறு. சுமந்தவன் மட்டும் தொழிலாளி. எழுத்தறியாத அவனால் அத்தொகை சரிதானா என்று பார்க்கவும் இயலவில்லை. 1921ஆம் ஆண்டில் சட்டத்தின் மூலம் துண்டு முறை ஒழிக்கப்பட்டது.

துண்டு முறையை வெறும் கொத்தடிமைக் கதையாக மட்டும் படித்துவிட்டுச் செல்வது போதாது. தன்னைப் பற்றிய ஒரு தகவல் தன் கையை விட்டுப் போய், தனக்குத் தெரியாமல் விலை பேசப்பட்டு, தன் வாழ்வின் வாயிலைத் திறக்கவும் அடைக்கவும் வல்லதாகும்போது மனிதன் என்ன ஆகிறான் என்பதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. இன்று ஒருவர் கடன் கேட்டு வங்கிக்குச் செல்லுமுன்பே அவருடைய கடன் வரலாறு அங்கே சென்று காத்திருக்கிறது. இதனை முறைப்படுத்த மலேசியாவில் கடன் தகவல் முகமைகள் சட்டம் 2010ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. தம்மைப் பற்றிய அறிக்கையைத் தாமே கேட்டுப் பெறவும், தவறிருப்பின் திருத்தக் கோரவும் இன்று வழியுண்டு. துண்டைச் சுமந்த தொழிலாளிக்கு அவ்வழி இருந்ததில்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அந்த ஒரு வழியில்தான் இருக்கிறது. அதைப் பயன்படுத்தாதவர்க்கு வேறுபாடு குறைவே.

அங்ஙனமாயின் பதிவேடே வேண்டாம், எழுத்தே வேண்டாம் என்று முடிவு கட்டலாமா? அம்முடிவும் தோட்டத் தமிழர்க்குப் பொருந்தாது. பதிவால் துன்புற்றவர்களைப் போலவே பதிவின்மையால் துன்புற்றவர்களும் அவர்களிடையே உண்டு. 1948ஆம் ஆண்டு அவசரகாலத்தின்போது மலாயாவில் அடையாள அட்டை புகுத்தப்பட்டது. 1957இல் நாடு விடுதலை பெற்ற பின்னரும் குடியுரிமைக்கு உரிய பத்திரங்கள் இல்லாமையால் சிவப்பு அடையாள அட்டையுடன் வாழ்நாளைக் கழித்த முதியோர் பலர். பிறப்புப் பத்திரம் இல்லாத குழந்தைக்குப் பள்ளிச் சேர்க்கையே சிக்கலாகும் என்பதைத் தலைமையாசிரியர் எவரும் அறிவர். பெயர் ஒழுங்காகப் பதியப்பட்டிருந்தால்தான் ஊழியர் சேமநிதிப் பணம் உரியவர் கைக்கு வரும். பதிந்தவர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்களோ எத்தனை! அண்ணன் பெயரில் ஓர் எழுத்து, தம்பி பெயரில் வேறோர் எழுத்து. ஒரே தந்தைக்கு இரு பிள்ளைகளின் பத்திரங்களில் இரு பெயர்கள். சில குடும்பங்கள் இத்தகைய ஓர் எழுத்துக்காகச் சத்தியப் பிரமாணம் எடுக்க அலைந்த அலைச்சல் சொல்லில் அடங்காது.

எனவே, எழுதுவதா எழுதாமல் விடுவதா என்பது உண்மையான வினா அன்று. எழுதப்பட்டது எவருடையது என்பதே வினா. பதிவேடு நிறுவனத்துடையது, காகிதமும் மையும் கணிப்பொறியும் நிறுவனத்துடையவை. ஆகவே அதிலுள்ளதும் நிறுவனத்துடையதே என்பது வணிகர் நினைப்பு. தமிழ் மரபு இதற்கு வேறொரு பெயர் வைத்திருக்கிறது. ஒரு பயன் கருதி, நம்பிக்கையின் பேரில், ஒருவர் வசம் ஒப்புவிக்கப்படும் பொருளுக்கு அடைக்கலம் என்று பெயர். அது வைத்திருப்பவர் வீட்டில் இருக்கும். வைத்திருப்பவர் பொருள் ஆகாது.

சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்புவிக்கிறார். மாதரி செல்வச் சீமாட்டி அல்லள், ஆயர்குலத்து முதுமகள். அவள் தன் கடமையில் எக்குறையும் வைக்கவில்லை. கோவலன் கொலையுண்டது அவளால் அன்று; கண்ணகிக்கு நேர்ந்த துயரம் அவளால் விளைந்ததன்று. எனினும், தன்னிடம் ஒப்புவிக்கப்பட்ட அடைக்கலத்தை இழந்தேனே என்று ஆற்றாமல் அவள் தீப்புகுந்தாள் என்பதைப் பின்னர் மாடலன் வாயிலாக அறிகிறோம். காப்பியம் நெடுகப் பேசப்படும் பெரியோர் பலரினும் இம்மூதாட்டியின் பொறுப்புணர்வு உயர்ந்து நிற்பதாகக் கொள்வது மிகையன்று. நிறுவன இயக்குநர்கள் தீப்புக வேண்டும் என்று இன்று எவரும் கேட்கவில்லை. இழந்துவிட்டோம் என்று உரியவர்க்குச் சொல்ல வேண்டும் என்பதே கேட்கப்படுவது.

அதுகூடச் சொல்லப்படாத காலம் ஒன்று இருந்தது, அண்மைக் காலமே. 2017ஆம் ஆண்டு அக்டோபரில், மலேசியக் கைப்பேசிப் பயனர்களின் தகவல்கள் இணையத்தில் விலைக்கு வந்துள்ளன என்று லோயாட் என்னும் உள்நாட்டு இணையத்தளம் வெளிப்படுத்தியது. வெளியான கைப்பேசி எண்களின் தொகை 4 கோடியே 62 இலட்சம். நாட்டின் மக்கள்தொகையோ அப்போது சற்றேறக்குறைய 3 கோடியே 20 இலட்சம். ஒருவரே பல எண்களை வைத்திருத்தலால் தொகை மக்களையும் விஞ்சியது. எண்ணோடு முகவரியும் அடையாள அட்டை எண்ணும் இருந்தன. அத்தகவல்கள் 2014ஆம் ஆண்டைச் சேர்ந்தவை எனத் தெரிந்தது. அஃதாவது, மூன்றாண்டுகளாக எவருடைய கையிலோ இருந்திருக்கக்கூடும். கேமரன் மலையின் லயமொன்றில் வாழும் ஒருவர் தம் முகவரி சந்தையில் கிடந்ததை அறிய, செய்தித்தாளில் தற்செயலாகக் கண்ணுற்றால்தான் உண்டு. உங்கள் அடைக்கலத்தை இழந்தோம் என்று உரியவர்க்கு அறிவிக்க நிறுவனங்களை அன்றைய சட்டம் கட்டாயப்படுத்தவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010ஆம் ஆண்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2013 நவம்பர் 15 முதல் நடப்புக்கு வந்தது. வணிகத்தில் பெறப்படும் தகவலைச் சொன்ன நோக்கத்துக்கன்றி வேறொன்றுக்குப் பயன்படுத்தலாகாது, உரியவர் இசைவின்றிப் பிறர்க்கு வெளியிடலாகாது, தேவை முடிந்த பின்னும் வைத்திருக்கலாகாது, உரியவர் கேட்டால் காட்ட வேண்டும் என்றெல்லாம் அது விதிக்கிறது. 2024ஆம் ஆண்டுத் திருத்தம் உச்ச அபராதத்தை 3 இலட்சம் வெள்ளியிலிருந்து 10 இலட்சம் வெள்ளியாகவும், சிறைத்தண்டனையை இரண்டாண்டிலிருந்து மூன்றாண்டாகவும் உயர்த்தியது. 2025 ஜூன் முதல், கசிவு நேர்ந்தால் ஆணையர்க்குத் தெரிவிப்பதும், பெருந்தீங்கு நேரக்கூடுமாயின் பாதிக்கப்பட்டோர்க்கே தெரிவிப்பதும் கடமையாயின. ஆணையர்க்குத் தெரிவிக்க 72 மணி நேரம் என வழிகாட்டி வரையறுக்கிறது. ஒரு பெருங்குறை மட்டும் அப்படியே நிற்கிறது. இச்சட்டம் கூட்டரசு அரசாங்கத்தையும் மாநில அரசாங்கங்களையும் கட்டுப்படுத்தாது. குடிமக்களைப் பற்றி மிகுதியாக அறிந்தவர் எவரோ அவர்க்கே விலக்கு அளித்திருப்பது வேலி போட்டுவிட்டு வாயிலை மறந்த கதையாகும்.

இச்சட்டம் நிறுவனத்துக்கு முதலில் வைத்த பெயர் 'தரவுப் பயனர்'. திருத்தம் அதனைத் 'தரவுக் கட்டுப்பாட்டாளர்' என மாற்றியது. இந்தியா 2023ஆம் ஆண்டில் இயற்றிய சட்டமோ, பிறர் பொருளை நம்பிக்கையின் பேரில் காக்கும் பொறுப்பாளர் என்னும் பொருள்படும் சொல்லால் நிறுவனத்தைக் குறிக்கிறது. பயன்படுத்துபவர், கட்டுப்படுத்துபவர், காப்பவர் என்னும் மூன்று சொற்களுக்கும் உள்ள இடைவெளியைச் சொல்லாராய்ச்சியில் பழகிய தமிழாசிரியர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. மாதரியின் பெயர் மூன்றாவது சொல்லில்தான் அடங்கும்.

இனி, இசைவு பற்றி. நிறுவனங்கள் யாவும் 'நீங்கள் இசைந்தீர்களே' என்று கூறித் தப்பிக்கொள்ளும். கையொப்பம் இருக்கிறது, அல்லது கைப்பேசித் திரையில் விரல் பட்ட தடம் இருக்கிறது. விரல் வைத்தல் தோட்டத்து மக்களுக்குப் புதிதன்று. எழுத்தறியாத தலைமுறை எத்தனையோ தாள்களில் பெருவிரல் பதித்தது. அதில் எழுதியிருந்தது என்னவென்று அறியாமல் பதித்த அவ்விரலடையாளத்தை இன்று எவரும் உண்மையான இசைவு என்று ஏற்கமாட்டார்கள். அப்படியானால், பத்துப் பக்க நிபந்தனைகளைப் படிக்காமல் திரையைத் தொடும் பட்டதாரியின் விரல் எவ்வகையில் உயர்ந்தது?

மொழி இங்கே குறுக்கே நிற்கிறது. மலேசியச் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி, தகவலை எதற்காகப் பெறுகிறோம் என்னும் அறிவிப்பு தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் அமைய வேண்டும். தமிழிலோ சீனத்திலோ தர வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டம், அரசமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுள் எதிலும் அறிவிப்பைப் படிக்கும் வாய்ப்பினை உரியவர்க்கு அளிக்க வேண்டும் என்கிறது. தமிழ் அவற்றுள் ஒன்று. தேசிய மொழியைக் கற்க வேண்டியது குடிமகன் கடமை, அதில் ஐயமில்லை. இளந்தலைமுறை நன்றாகவே கற்றிருக்கிறது. ஆனால் அறுபது, எழுபது வயதுக்கு மேற்பட்ட தோட்டத்துப் பாட்டிமார் பலர்க்குச் சந்தையில் பேசும் மலாய் வேறு, சட்ட அறிவிப்பின் மலாய் வேறு. விளம்பரத்தைத் தமிழில் அச்சிட்டுத் தீபாவளிக்கு வாழ்த்தும் கூறும் நிறுவனம், நிபந்தனைகளை மட்டும் தமிழில் தர இயலாது என்பது வியப்புக்குரியது. பொருளை விற்கத் தமிழ் தெரிகிறது.

'மறைக்க ஒன்றும் இல்லாதவனுக்கு அச்சம் எதற்கு?' என்று கேட்பாரும் உளர். 2020ஆம் ஆண்டு நோய்த்தொற்றுக் காலத்தில் கடைகளின் வாயிலில் பயிற்சிப் புத்தகம் ஒன்றும் நூலில் கட்டிய பேனா ஒன்றும் வைக்கப்பட்டிருந்ததை எவரும் மறந்திரார். வருவோர் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுத வேண்டும். நோக்கம் நல்லது, நோய் பரவிய வழியை அறிய அது உதவும். பெயர், எண், வந்த நேரம் ஆகியவற்றுக்கு மேல் கேட்க வேண்டா என்று உரிய துறையும் அறிவுறுத்தியது. ஆனால் புத்தகமோ திறந்தே கிடந்தது. அடுத்து வருபவர் முன்னே வந்தவரின் பெயரையும் எண்ணையும் படிக்கலாம். தனியே பால்மாவு வாங்க வந்த ஓர் இளம்பெண் அப்புத்தகத்தின் முன் பேனாவை எடுத்து ஒரு கணம் தயங்கியிருந்தால், அவளிடம் மறைக்கத்தக்க குற்றம் என்ன இருந்தது? அவள் தன் எண்ணை நோய்த்தடுப்புக்குத் தந்தாள், வழிப்போக்கனுக்குத் தரவில்லை. அந்தரங்கத்தை நாடுபவன் எதையோ ஒளிக்கிறான் என்னும் எண்ணம், கதவுள்ள வீட்டிலெல்லாம் திருடன் இருக்கிறான் என்பதற்கு ஒப்பாகும்.

பிறரைச் சுட்டும் விரல் பள்ளிக்கூடத்தையும் சுட்ட வேண்டியதே முறை. மாணவரின் பிறப்புப் பத்திரம், பெற்றோரின் வருமானம், தொழில், மதம், நோய், குடும்பச் சூழல் ஆகிய அனைத்தும் பள்ளிக் கோப்புகளில் உள்ளன. ஒரு வணிக நிறுவனம் பல ஆண்டுகள் முயன்று திரட்டுவதைப் பள்ளி ஒரே காலையில், சேர்க்கை நாளன்று, திரட்டிவிடுகிறது. அத்தகவலைப் பயிற்சி நூல் விற்போர்க்கும் தனிப்பயிற்சி நிலையத்தார்க்கும் நட்பின் பேரில் தருவதில் தவறில்லை என எண்ணும் போக்கு ஆங்காங்கே உண்டு. அதனினும் வருந்தத்தக்கது வேறொன்று. வறிய பிள்ளைக்கு ஒரு புத்தகப்பை வழங்குவர். அப்பிள்ளையைப் பையோடு நிறுத்திப் படம் எடுப்பர். பெயர், வகுப்பு, தந்தையின் தொழில் யாவும் படத்தின் கீழே வரும். பையின் விலை ஐம்பது வெள்ளி இருக்கலாம். தன் வீட்டு வறுமை ஊரெங்கும் பகிரப்பட்டதற்கு அப்பிள்ளை இசைந்ததா என்று கேட்டவர் யார்? நன்றி சொல்லும் வயதில் இருக்கும் பிள்ளையிடம் மறுக்கும் உரிமையும் இருக்கிறது என்பதை அதற்குச் சொல்லிக் கொடுப்பாரும் இல்லை. அகத்திணைப் பாட்டில் தலைவிக்குக் கிடைத்த மரியாதை ஆறாம் ஆண்டு மாணவிக்குக் கிடைக்க வேண்டாமா?

சட்டம் தந்துள்ள உரிமைகளுள் எளியது ஒன்று உண்டு. பெரும்பாலோர் அறியாததும் அதுவே. ஒரு நிறுவனம் தம்மைப் பற்றி வைத்திருக்கும் தகவலைக் காட்டுமாறு எவரும் எழுத்து மூலம் கேட்கலாம். கேட்டால் 21 நாள்களுக்குள் நிறுவனம் விடையளிக்க வேண்டும். படி வேண்டுமெனின் அதற்குக் கேட்கத்தக்க உச்சக் கட்டணம் 10 வெள்ளி; நோய் போன்ற மறைபொருட்டகவலாயின் 30 வெள்ளி. தவறிருப்பின் திருத்தக் கோரலாம். விளம்பர அழைப்புகளுக்குத் தம் எண்ணைப் பயன்படுத்தலாகாது என்றும் எழுத்து மூலம் தடுக்கலாம். அலுவல் கடிதம் எழுதும் பயிற்சி தமிழ்ப்பள்ளியில் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. விளையாட்டுத் திடலைச் சீர்செய்யக் கோரி நகராண்மைக் கழகத்துக்கு எழுதும் கடிதமே பெரும்பாலும் பயிற்சியாகத் தரப்படுகிறது. அனுப்புநர், பெறுநர், பொருள், உடல், கையொப்பம் ஆகிய அதே அமைப்பில், பாட்டியின் பெயரால் அவருடைய கைப்பேசி நிறுவனத்துக்கோ தவணைக் கடைக்கோ ஒரு கடிதத்தை மாணவர் எழுதலாம். முதற்படி தமிழில் அமையட்டும். பாட்டிக்கு அதைப் படித்துக் காட்டி, அவர் எதைக் கேட்க விரும்புகிறார் என்று கேட்டறிந்த பின் தேசிய மொழியில் பெயர்த்து, பாட்டியே கையொப்பமிட்டு அனுப்பலாம். அஞ்சலில் சேர்த்த நாளைப் பயிற்சிப் புத்தகத்தின் ஓரத்தில் குறித்து வைத்துக்கொண்டால், இருபத்தோராம் நாள் என்றைக்கு வருகிறது என்பதை வகுப்பே எண்ணிக்கொண்டிருக்கும்.